இரண்டாம் தட்டு

ஈசா டவுன் பழைய சந்தையில்
கழற்றிப் போட்ட ஏசி வயிறுகளுக்கும்
மூடியில்லாத மிக்சி ஜார்களுக்கும் நடுவே
எண்ணூறு ஃபில்ஸுக்குக் கிடைத்தாள் ரீமா.

உறைமேல் பெயர் வேறு.
கொத்துக் கொத்தாய் ஜப்பான் எழுத்து.
ஆனால் அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும்.
கடலுக்கடியில் ஓடும் ரயிலில்
டிக்கெட் பரிசோதிக்கிறவள்.
தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு
டிவிக்குள்ளிருந்து சுத்த அரபியில் சொல்வாள்:
அடுத்த நிறுத்தம், பவளம்.

நானும் இன்னாசியும் அரபி படித்ததே அவளிடம்தான்.
குதைபியா மளிகைக் கடையில்
ரொட்டி கேட்க வாய் திறந்தால்
செய்தி வாசிப்பவரின் இலக்கணம் வரும்.
கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு
கூட ஒரு மிட்டாய் போடுவார்.

தொண்ணூறு ஆகஸ்டில் ரயில் நின்றது.
இருபத்தாறாம் பாகம்:
சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீர்,
ரீமாவை உள்பக்கம் தள்ளிவிட்டு
அண்ணன் ஸாமர் வெளிப்பக்கம் நடக்கிறான்.
தொடரும் என்று போட்டார்கள்.
மறுநாள் ஐந்து மணிக்கு வரைபடம்,
அம்புக்குறிகள், விமானங்கள்.
அப்பா ஜன்னல் கண்ணாடியில்
பெருக்கல் குறியாக டேப் ஒட்டினார்.

இப்போது நான் பல் கிளினிக்கில் பில் போடுகிறேன்.
ரோவெனா கருவிகளை ஆவியில் வேகவைக்கிறாள்.
நான்கு வருஷம் நகோயாவில்
சோற்றுப் பெட்டி அடைத்தவள்,
பாதி எழுத்து வாசிப்பாள்,
மீதியை முகத்தைப் பார்த்துச் சொல்வாள்.
அவளறைக் கட்டிலடியில்
ஒரு பழைய ஆட்டப்பெட்டி
இன்னும் உயிரோடிருந்தது.

ஓடுகிற, குதிக்கிற, சுடுகிற ஆட்டமில்லை இது.
ஒரு படம் வந்து நிற்கும்.
உதடு மட்டும் மூன்று நிலைகளில் அசையும்.
கீழே எழுத்து ஒவ்வொன்றாய்ச் சொட்டும்.
அழுத்தினால் அடுத்த வரி,
அழுத்தாவிட்டால் விடியும்வரை
பன்னிரண்டு நொடிக்கொருமுறை திரும்பிவரும்
அதே அலை.

உறைக்குள் தட்டோடு ஒரு நினைவு அட்டையும் இருந்தது.
பதினைந்து கட்டங்களில் பதினான்கு
யாரோ சேமித்தவை.
பதினான்கும் ஒரே இடம்:
சுரங்கம், தண்ணீர், இரண்டு முகங்கள்,
தேர்ந்தெடுக்க இரண்டு வரி.

ரோவெனா வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஒன்று, அவனை முத்தமிடு.
இரண்டு, விளக்கை அணை.
அண்ணனையா, என்றேன்.
எந்த அண்ணன், என்றாள்.

பிறகு மெதுவாகப் பிடிபட்டது.
எந்த ஊர் ஒலிப்பதிவு அறையிலோ
குழந்தைகளுக்கு இது ஆகாது என்று
ஒரு பேனா காதலனை அடித்து
அண்ணன் என்று எழுதியிருக்கிறது.
அந்த அடித்தலுக்காகத்தான்
நானும் இன்னாசியும்
சோறு இறங்காமல் இருந்தோம் அந்த ராத்திரி.

முதல் வரியை அழுத்த எனக்குக் கை வரவில்லை.
ரோவெனா அழுத்தினாள்.
திரை கறுத்து ஒரு வாக்கியம்:
இரண்டாம் தட்டைச் செருகவும்.
திரும்பி வந்து விளக்கை அணைத்தோம்.
இரண்டாம் தட்டைச் செருகவும்.

உறையில் இரண்டு பள்ளம்.
ஒன்றில் தட்டு,
மற்றதில் யாருடைய விரலோ பதிந்த தூசி.
வெள்ளிக்கிழமை மறுபடி போய்க் கேட்டேன்.
மாஃபி, என்றான் சந்தைக்காரன்,
வேண்டுமானால் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது.

படமெடுத்து வின்னிபெக்கிற்கு அனுப்பினேன்:
டேய், ஸாமர் அவளுக்கு அண்ணனே இல்லையாம்.
நடுராத்திரியில் குரல் வந்தது,
பின்னால் பனி வழிக்கிற வண்டிச் சத்தம்.
முதலில் ஒரு நீளச் சிரிப்பு,
அரபிக்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்டீ.
அப்புறம் கொஞ்ச நேரம் வண்டி மட்டும்.
அப்புறம்:
அதுக்கப்புறம் எந்த ரோட்டுலயும்
உன்னை உள்பக்கம் விட்டு
நான் வண்டிப்பக்கம் நடந்தேனே,
அது?

பதினைந்தாவது கட்டம் காலியாக இருந்தது.
அதே சுரங்கத்தைச் சேமித்துவிட்டு
பெட்டியை அணைத்தேன்.
அவனுக்கு இன்னும் பதில் போடவில்லை.